மண்டபம் யாருக்கு?

ஆடி மாதம். மேற்கே மலையை மேகம் மூடிவிட்டால் கடையம் வட்டாரத்தில் திறந்தவெளிக் கூட்டம் என்ற பேச்சையே எடுக்க முடியாது. குற்றாலத்துக்குக் காரில் வருகிறவருக்கு அது சாரல். மேடைக்கு விளக்குக் கட்டுகிற தோழருக்கு அது தொல்லை. ஒலிபெருக்கிக்கு மேல் சாக்கைப் போடுவதா, பேச வந்தவருக்குக் குடை பிடிப்பதா என்று அல்லாடியே பாதிக் கூட்டம் முடிந்துபோகும்.

அப்படிப்பட்ட ஓர் ஆடியில், பீடி சுற்றும் பெண்களின் கூலி பற்றிப் பேச ஒரு கூட்டம் வேண்டியிருந்தது. பக்கத்து ஊர் ஒன்றில் சமுதாய நலக்கூடம் இருக்கிறது. எந்த ஊர் என்பது இங்கே முக்கியமல்ல. எல்லா ஊரிலும் இதுதான் கதை. கூடம் பொதுப் பணத்தில் கட்டியது. வாசலில் கல்வெட்டு இருக்கிறது. கல்வெட்டுக்குக் கீழே பூட்டும் இருக்கிறது. சாவி கூடத்தை ஏலத்தில் எடுத்தவரிடம். போய்க் கேட்டோம்.

“கல்யாணத்துக்கு என்ன வாடகையோ, கூட்டத்துக்கும் அதுதான் அண்ணாச்சி.”

“ஆடியில ஏது கல்யாணம்? சும்மாதானே கிடக்கு?”

“சும்மா கிடந்தாலும் ஏலப் பணம் கட்டியாச்சுல்லா? அதை நான் எப்படி எடுக்க? அதோட இங்கே கொடி ஏறினா நாளைக்குக் கல்யாண வீட்டுக்காரங்க யோசிப்பாங்க.”

அவர் சொன்ன தொகை, பீடி சுற்றும் பெண்கள் பத்துப் பேரின் ஒரு வாரக் கூலி. திரும்பி வந்தோம். ஒரு தோழர் வீட்டுத் திண்ணையிலும், இடம் போதாமல் எதிர்வீட்டுத் தாழ்வாரத்திலுமாக உட்கார்ந்து கூட்டம் நடந்தது. அந்த மனிதர்மேல் நமக்குக் கோபமில்லை. போட்ட பணத்தை எடுக்கப் பார்க்கிறார். அவர் கையில் சாவியைக் கொடுத்தது யார் என்பதுதான் கேள்வி.

இது சின்ன ஊரின் சின்னக் கூடத்தைப் பற்றிய சின்ன வழக்குத்தானே, இதற்கு ஒரு கட்டுரையா என்று சிலர் கேட்கலாம். சின்ன வழக்கு அல்ல, தோழர்களே! சென்னையில் 32 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி மராமத்துப் பார்த்த மாளிகைக்கும் இதே கேள்விதான். கடல் கடந்த லண்டனிலே இந்தக் கேள்விக்கு விடையே எழுதி முடித்துவிட்டார்கள். அந்த விடை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சென்னை. பொதிகை ரயிலில் போய் எழும்பூரில் இறங்கி சென்ட்ரல் பக்கம் நடந்த தோழர்கள் பார்த்திருப்பார்கள். ரிப்பன் மாளிகை வெள்ளை வெளேரென்று நிற்கும். அதன் பக்கத்தில் செங்கல் சிவப்பில் கோபுரமும் கூரையுமாக ஒரு கட்டடம் நிற்கும். அதுதான் விக்டோரியா பொது மண்டபம். 1883-ல் விஜயநகரம் மகாராஜா அடிக்கல் நாட்டினார். வரைபடம் போட்டவர் சிஷோம் துரை. கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். சென்னையின் சிவப்புக் கட்டடங்களில் பாதி அவர் கையால் எழுந்தவை என்று சொன்னாலும் பெரிய பொய்யாகாது. ராணியின் பெயரை வைத்தார்கள், ராஜாக்களும் ஜமீன்தார்களும் வணிகர்களும் சந்தா கொடுத்தார்கள். ஆனாலும் அதற்கு வைத்த பெயரில் ஒரு சொல் இருக்கிறது, கவனியுங்கள்: பொது மண்டபம்!

பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்டது அங்கேதான். அமெரிக்கா சென்று திரும்பிய விவேகானந்தர் 1897-ல் பேசியதும் அங்கேதான். நீதிக்கட்சியின் பிறப்பைச் சொல்லும்போது அந்த மண்டபத்தின் பெயரும் கூடவே வரும். அங்கே பேசியோர் வரிசையில் பாரதியின் பெயரும் உண்டு. கடலூர்ச் சிறையிலிருந்து 1918-ல் வெளிவந்து, நம் கடையத்துக்கு வந்து, செல்லம்மாவின் ஊரிலே 1920 வரை குடியிருந்தாரே, அதே பாரதிதான். இங்கே அக்கிரகாரமே முகத்தைத் திருப்பிக்கொண்ட மனிதருக்கு அங்கே ஒரு மேடை கிடைத்தது. மண்டபம் என்ற ஒன்று இருப்பதன் பயன் அதுதான்.

உண்மையை மறைக்க வேண்டாம். அந்த மண்டபம் தொடக்கத்தில் பாட்டாளியின் மண்டபமாக இருக்கவில்லை. தலைப்பாகை கட்டிய வக்கீலும் சால்வை போர்த்திய சீமானும் நாற்காலியில் அமர்ந்த இடம் அது. அந்த நாளில் பாட்டாளி எங்கே கூடினான்? மண்ணிலே கூடினான். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்றே, பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளிகள் செல்வபதி செட்டியாரையும் ராமானுஜலு நாயுடுவையும் வாடியாவையும் முன்னே வைத்து, திரு.வி.க. துணை நிற்க எழுப்பிய சங்கம், அது பெரம்பூர்ப் பக்கத்தில் எழுந்தது. 1923-ல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதும் கடற்கரை மணலில்தான். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு கூட்டம், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒரு கூட்டம். மணலுக்கு வாடகை இல்லை, ஏலக்காரர் இல்லை, பூட்டும் இல்லை.

அவர்களுக்கு மண்டபம், நமக்கு மணல். சரி, அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்றால், மணலாவது நம்மிடம் இருக்கிறதா? மெரினாவில் சீரணி அரங்கம் என்று ஒரு மேடை இருந்தது. 1970-ல் எழுந்தது. எத்தனை தலைவர்கள், எத்தனை லட்சம் பேர் கேட்ட பேச்சு! 2003-ல் அதை இடித்துத் தள்ளினார்கள். 2017-ல் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் அந்தக் கடற்கரையை நிறைத்தார்கள். மறு ஆண்டே, 2018-ல், மெரினாவில் போராட்டத்துக்கு இடமில்லை என்ற சர்க்காரின் நிலையை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. காற்று வாங்கலாம், சுண்டல் வாங்கலாம், கோரிக்கை எழுப்பக்கூடாது.

ஆகவே, மணல் போன பிறகு மண்டபத்தைப் பற்றிப் பேசுவது ஆடம்பரமல்ல. திறந்தவெளி சுருங்கச் சுருங்கக் கூரையின் விலை ஏறுகிறது.

விக்டோரியா மண்டபத்தின் நடுக்காலக் கதையும் சுவையானதுதான். பொதுமண்டபத்தின் நிலம் நெடுநாள் குத்தகையில் போயிற்று. அதன் நிலத்திலேயே ஹோட்டல் நடந்தது. குத்தகைக் காலம் முடிந்த பிறகும் வழக்கு மேல் வழக்காக ஓடிற்று. அதற்குள் கூரை ஒழுகி, படிக்கட்டு உளுத்து, உள்ளே புறா குடியேறியது. கடைசியில் மண்டபம் கார்ப்பரேஷன் கைக்கு வந்து, 2023-ல் பெரிய மராமத்து தொடங்கியது. சிவப்பு நிறம் மீண்டிருக்கிறது. மகிழ்ச்சி! பழைய கட்டடத்தை இடிக்காமல் எழுப்பியதற்குப் பாராட்டுத் தெரிவிக்க நாம் தயங்க வேண்டியதில்லை. உளுத்துப்போய்ப் பூட்டிக் கிடக்கும் மண்டபமும் பொதுமக்களுக்குப் பயன்படாத மண்டபந்தான்.

ஆனால் மராமத்து முடிந்த எல்லாப் பழைய கட்டடத்துக்கும் உலகமெங்கும் அடுத்து ஒரு கேள்வி வருகிறது. பராமரிப்புக்குப் பணம் எங்கே? அதற்கு ஒரே ஒரு பதிலைத்தான் எல்லா ஊரிலும் வைத்திருக்கிறார்கள். நிகழ்ச்சிக்கு விடுவோம், கல்யாணத்துக்கு விடுவோம், கம்பெனி விருந்துக்கு விடுவோம் என்கிறார்கள்.

கடையநல்லூர்த் தோழர்களுக்குச் சிங்கப்பூர் ஏறத்தாழப் பக்கத்து ஊர். தாத்தா காலத்திலிருந்தே கப்பலேறிய குடும்பங்கள் அங்கே ஏராளம். அவர்களைக் கேளுங்கள், விக்டோரியா தெருவில் சைம்ஸ் என்று ஓரிடம் உண்டு. (அங்கேயும் அதே ராணி!) 1854-ல் கன்னியாஸ்திரீகள் தொடங்கிய மடமும் பள்ளிக்கூடமும் அனாதை இல்லமும் அது. வளர்க்க வழியில்லாத ஏழைத் தாய்மார் அதன் வாசல் கதவருகே கைக்குழந்தையை வைத்துவிட்டுப் போவார்களாம். உள்ளிருப்பவர்கள் எடுத்து வளர்ப்பார்களாம். 1904-ல் அங்கே அழகான தேவாலயம் எழுந்தது. 1983-ல் பள்ளியை வேறிடத்துக்கு மாற்றினார்கள். 1996-ல் அந்த இடம் உணவுக்கடைகளும் மதுக்கடைகளுமாகத் திறந்தது. தேவாலயம் கல்யாண மண்டபமாயிற்று, வாடகைக்கு. ஆசியக் கோடீசுவரர்களைப் பற்றி அமெரிக்கர்கள் எடுத்து 2018-ல் வெளியிட்ட படத்திலே கண்ணைப் பறிக்கும் ஒரு கல்யாணக் காட்சி வருகிறதே, அதை எடுத்தது அங்கேதான். கட்டடத்துக்கு ஒரு கீறல் இல்லை. பிரமாதமாகக் காத்திருக்கிறார்கள். குழந்தையை வைத்துவிட்டுப் போன தாய் இன்று வந்தால் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் என்ன விலைக்கு என்ன விற்கிறது என்று பார்த்துத் திகைத்துப்போவாள், அவ்வளவுதான்.

“அது மதத்தாரின் சொத்து. அவர்கள் போனார்கள், வேறொருவர் வந்தார். அதற்கென்ன?” என்று யாராவது சொல்லலாம். சொல்லட்டும். லண்டனுக்கு வருவோம். அங்கே மடமல்ல, மாளிகையல்ல. மக்கள் ஓட்டுப் போட்டு அமர்த்திய ஆட்சியின் வீடே போயிற்று!

தேம்ஸ் ஆற்றின் ஒரு கரையில் பார்லிமெண்ட். நேர் எதிர்க்கரையில், வளைந்த முகப்போடு கவுண்டி ஹால். லண்டன் நகர ஆட்சிமன்றத்துக்காகக் கட்டியது. 1922-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் திறந்துவைத்தார். 1934-ல் அந்த மன்றத்தைத் தொழிற்கட்சி கைப்பற்றியது. தொழிலாளிக்கு வீடு, பள்ளி, ஆஸ்பத்திரி என்று நகரத்தின் முகத்தையே மாற்றிய தீர்மானங்கள் அந்த அவைக்கூடத்தில் பிறந்தன. 1981-ல் மீண்டும் தொழிற்கட்சி வென்றது. கென் லிவிங்ஸ்டன் தலைவரானார். அந்த ஆண்டே பஸ், ரயில் கட்டணத்தை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்தார்கள். பிரபுக்கள் சபை நீதிபதிகள் அது சட்டப்படி செல்லாது என்றார்கள்! சாமானியன் மலிவாக வேலைக்குப் போவதுகூடப் பிரபுக்களுக்குப் பொறுக்கவில்லை.

தோழர்கள் ரசிக்கக்கூடிய வேலை ஒன்றும் செய்தார்கள். லண்டனில் வேலையில்லாதோர் எத்தனை பேர் என்ற எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதி, கவுண்டி ஹாலின் உச்சியில் கட்டிவிட்டார்கள். எதிர்க்கரையில் பார்லிமெண்டின் ஜன்னலைத் திறந்தால் அந்த எண் கண்ணில் படும். எண் ஏறினால் பலகையிலும் ஏறும். தாட்சர் அம்மையார் ஆட்சிக்கு இது எப்படி இருந்திருக்கும்! 1985-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். 1986 மார்ச் 31 நள்ளிரவோடு அந்த மன்றமே ஒழிந்தது. பலகையை இறக்கச் சொல்லவில்லை. பலகை கட்டிய ஆட்சியையே இறக்கிவிட்டார்கள்.

மன்றம் போனபின் கட்டடம்? 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானியக் கம்பெனி ஒன்றுக்கு விற்றார்கள். 1997-ல் கீழ்த்தளத்தில் மீன் காட்சிசாலை வந்தது. ஹோட்டல்கள் வந்தன. விருந்துக்கும் விழாவுக்கும் வாடகைக் கூடங்கள் வந்தன. பஸ் கட்டணத்தைக் குறைக்கத் தீர்மானம் போட்ட அந்த அவைக்கூடத்திலேயே 2017 முதல் டிக்கெட் போட்டு ஒரு நாடகம் நடத்தினார்கள். அகதா கிறிஸ்டியின் கோர்ட்டுக் கதை. குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க வேண்டுமாம்! அந்தக் கூடத்திலிருந்து மக்களை வெளியேற்றிய குற்றவாளி யார் என்று எந்தச் சீமானும் டிக்கெட் வாங்கிக் கேட்கவில்லை.

கதை அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. 2000-ல் லண்டனுக்கு மறுபடியும் தேர்ந்தெடுத்த மேயரும் சபையும் வந்தார்கள். உட்கார வீடு வேண்டுமே! பழைய வீடு விலை போய்விட்டது. 2002-ல் டவர் பாலத்துக்கு அருகே, தனியார் நிலத்தில், கண்ணாடி முட்டை போல் எழுந்த புதுக் கட்டடத்தில் வாடகைக்குக் குடியேறினார்கள். இருபது ஆண்டுகூட ஆகவில்லை, வாடகைச் செலவு தாங்கவில்லை என்று 2021 முடிவில் காலி செய்துகொண்டு கிழக்கே துறைமுகப் பக்கம் போய்விட்டார்கள். தொண்ணூறு லட்சம் பேரின் ஆட்சி, மூட்டை கட்டிக்கொண்டு வீடு மாறுகிறது! சொந்த வீட்டை விற்றுவிட்டு வாடகை வீடு தேடும் குடும்பத்தை நம் தெருவிலும் பார்த்திருக்கிறோம். அந்தக் குடும்பத்துக்கு வறுமை காரணம். லண்டனில் அது வஞ்சம்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். பழைய கட்டடம் எதுவும் விருந்துக்கூடம் ஆகக்கூடாது என்று நாம் வாதாடவில்லை. உதயப்பூர் ராஜாவின் ஏரி மாளிகை ஹோட்டலானால் நமக்கென்ன நட்டம்? நம் குற்றாலத்திலேயே திருவிதாங்கூர் மன்னர்கள் சாரலுக்கு வந்து தங்கக் கட்டிய மாளிகை இருக்கிறது. இன்று கேரளப் பொதுப்பணித்துறையின் கையில் இருக்கிறது. ராஜா தங்கிய இடத்தில் நாளை யார் பணம் கொடுத்துத் தங்கினாலும் அந்த மாளிகை தன் குலத்தொழிலைத்தான் செய்கிறது. அன்றும் விருந்து, இன்றும் விருந்து. ஊர்ப் பொதுமண்டபம் அப்படியல்ல. அது பேசுவதற்காகக் கட்டியது. கேட்பதற்காகக் கட்டியது. அதில் பேச்சை நிறுத்திவிட்டுப் பந்தி மட்டும் போட்டால், கூரையும் தூணும் இருந்தும் மண்டபம் களவு போயிற்று என்றுதான் பொருள். இந்தக் களவில் பூட்டை உடைக்க வேண்டியதில்லை. வாடகையை ஏற்றினால் போதும்.

அதனால்தான் சொத்துப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கார்ப்பரேஷன் பெயரில்தான் பத்திரம் இருக்கும். பஞ்சாயத்து பெயரில்தான் கல்வெட்டு இருக்கும். பார்க்க வேண்டியது வாடகைப் பட்டியலை! அதிலே கல்யாணத்துக்கு ஒரு தொகை, கம்பெனிக்கு ஒரு தொகை, சங்கக் கூட்டத்துக்கும் படிப்பு வட்டத்துக்கும் நாடகக் குழுவுக்கும் வேறொரு தொகை என்று இருக்கிறதா? அல்லது எல்லோருக்கும் ஒரே தொகையா? ‘எல்லோருக்கும் சமம்’ என்று சொல்லும்போது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மில் முதலாளிக்கும் மில் தொழிலாளிக்கும் ஒரே வாடகை என்பது எப்படிப்பட்ட சமத்துவம் என்று திண்ணையில் உட்கார்ந்து கூட்டம் நடத்திய பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. பழைய செங்கல்லுக்குச் சுண்ணாம்பும், பழைய மரத்துக்குத் தச்சரும் சும்மா வரமாட்டார்கள். சரி, வாங்குங்கள்! முகூர்த்த நாளில் வருகிற சீமான் வீட்டுக் கல்யாணத்துக்கு முழு வாடகை வாங்குங்கள். கம்பெனி விருந்துக்கு அதற்கு மேலும் வாங்குங்கள். நம் நாட்டிலே இதற்கு இயற்கையாகவே ஒரு வசதி இருக்கிறது. லண்டன்காரனுக்கு இல்லாத வசதி. ஆடியில் கல்யாணம் இல்லை. மார்கழியில் கல்யாணம் இல்லை. இரண்டு மாதம், ஏறத்தாழ அறுபது நாள், தமிழ்நாடெங்கும் கல்யாணக் கூடங்கள் ஈயோட்டுகின்றன. அந்த அறுபது நாளும் பொதுக் கூடங்களை மின்சாரச் செலவுக்கும் கூட்டிப் பெருக்கும் கூலிக்கும் மட்டும் பொதுக் காரியங்களுக்குக் கொடுத்தால் கஜானாவில் ஒரு காசு குறையாது. ஏலக்காரருக்கும் நட்டமில்லை. ஏல நிபந்தனையில் இரண்டு வரி சேர்த்தால் போதும். மற்ற மாதங்களிலும் முகூர்த்தம் இல்லாத நாள்களில் மாதத்துக்கு நாலு நாளாவது இப்படி ஒதுக்கலாம். கொடி எந்தக் கொடி என்று பார்க்கக் கூடாது. நமக்குக் கொடுப்பதுபோல் எதிர்க்கட்சிக்காரருக்கும் கொடுக்கட்டும். நாமும் போய்க் கேட்டுவிட்டு மறுநாள் பதில் சொல்லலாம்.

விக்டோரியா மண்டபத்துக்கும் இதே கணக்குத்தான். அங்கே கண்காட்சி வைக்கட்டும், சுற்றுலாவாசி வரட்டும், படம் எடுத்துக்கொள்ளட்டும். அதோடு, பெரம்பூர் ஆலைத் தொழிலாளியின் பேரன் ஒரு மாலை அந்த மேடையில் ஏறித் தன் சங்கத்தின் கதையைச் சொல்ல எத்தனை ரூபாய் கட்ட வேண்டும் என்பதைக் கார்ப்பரேஷன் வெளிப்படையாக வாசலில் எழுதி வைக்கட்டும். சென்னைத் தோழர்கள் அந்தப் பலகையைப் பார்த்து வந்து நமக்கு எழுத வேண்டும்.

நம் வட்டாரத்துத் தோழர்களுக்கு வேலை இன்னும் பக்கத்திலேயே இருக்கிறது. கடையம் ஒன்றியத்துக்குள் எத்தனை சமுதாய நலக்கூடங்கள் இருக்கின்றன, எவை ஏலத்தில் போயின, எத்தனை ரூபாய்க்குப் போயின, ஏலக்காரர் வாங்கலாம் என்று குறித்த வாடகை என்ன, உண்மையில் வாங்குகிற வாடகை என்ன? 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டி ஒவ்வொரு கிளையும் ஒரு மனுப் போட்டால் முதல் நான்குக்கும் எழுத்திலே பதில் வரும். ஐந்தாவதற்குப் பதில் நம்மிடமே இருக்கிறது. ஏலம் பெரும்பாலும் நிதியாண்டை ஒட்டித்தான் நடக்கிறது. அதற்கு முன் சனவரி 26 அன்று கிராம சபை கூடுகிறது. ஆடி, மார்கழி இரண்டு வரியையும் எழுதி எடுத்துக்கொண்டு போய், தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். பீடிக்கடைக்குப் போகிற பெண்களையும் அன்று முன்வரிசையில் உட்கார வையுங்கள். எத்தனை ரூபாய் கேட்டார்கள் என்பது அவர்களுக்குத்தான் மறக்காமல் இருக்கிறது.